ஓலைப் பெட்டியோடு கண்காட்சிக்குப் போகலாமா?

கொழும்பில் ஒரு நாட்டார் கலைக் கண்காட்சியில் என் பனையோலைப் பொருட்களை விற்றேன் என்று சொன்னதிலிருந்து மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கத்துப் பிள்ளைகள் ஏதாவது கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். விற்பனை பற்றிக் கேட்டவற்றுக்கு இங்கே பதில். பின்னல் பழக விரும்புகிறவர்கள் நேரில் வாருங்கள், அதை எழுதிக் காட்ட ஏலாது.

கேள்வி (களுவாஞ்சிகுடி): அக்கா, சந்தையில் 500 ரூபாய்க்குப் போகிற பெட்டியைக் கண்காட்சியில் 1500 என்று சொல்ல வாய் வருதில்லை. விலையை எப்படிப் போடுறது?

கணக்கை எழுதிப் பாருங்கள் தங்கச்சி, வாய் தானாக வரும். ஒரு நாள் கூலி 2000 ரூபாய் என்று வையுங்கள். ஓலை வார்ந்து, சாயம் காய்ச்சி, காயவைத்துப் பின்னுகிற நேரமெல்லாம் சேர்த்து நாளுக்கு இரண்டு பெட்டி முடியுமென்றால், ஒன்றுக்குக் கூலியே 1000. ஓலை, சாயம், விறகு 200. பஸ், சாப்பாடு, கடை வாடகையைக் கொண்டுபோகிற பெட்டிகளுக்குப் பங்கு போட்டால் இன்னொரு 200 வரும். ஆக 1400, இலாபம் இன்னும் வைக்கவில்லை. 500க்குக் கொடுக்கிற ஆள் தன் கூலியைத்தான் விட்டுக்கொடுக்கிறார்.

கடைசி நாள் பின்னேரம் விலையை இறக்குகிற பழக்கம் எனக்குப் பிடிக்காது. முதல் நாள் முழு விலை கொடுத்தவர் அதைப் பார்த்துவிட்டால் அடுத்த முறை அவரும் கடைசி நாள்தான் வருவார். பேரம் பேசுகிறவரின் மனம் கோணக் கூடாதென்றால் குட்டான் என்கிற சின்ன ஓலைப் பெட்டி ஒன்றைச் சும்மா கொடுங்கள். விலை விலையாகவே இருக்கட்டும்.

கேள்வி (செட்டிபாளையம்): எதைக் கொண்டுபோனால் விற்கும்?

வருகிறவரைப் பொறுத்தது. மட்டக்களப்பு மாமாங்கக் கோயில் ஆடி அமாவாசைத் திருவிழாவில் கடை போட்டால் வருவது நம் ஆட்கள். புடைக்கச் சுளகு, பிட்டு அவிக்க நீத்துப்பெட்டி, வெற்றிலை வைக்கக் கொட்டப்பெட்டி கேட்பார்கள். ஒரு ஆச்சி பெட்டியைக் கவிழ்த்து, மூலையைப் பெருவிரலால் அமுக்கி, விளிம்பில் நகத்தை ஓடவிட்டு, நார் பொத்தின இடம் எங்காவது தூக்கி நிற்கிறதா என்று பார்ப்பா. அந்தக் கைக்குத் தப்பின பெட்டி எந்தக் கண்காட்சிக்கும் போகலாம்!

கொழும்பில் நிறத்தையும் பாவனையையும்தான் பார்க்கிறார்கள். கைப்பை, பேனாக்கூடு, மேசைத் தடுக்கு நன்றாகப் போகும். கடகம் என்கிற பெரிய ஓலைக் கூடை இரண்டு போதும். அது விற்காது, ஆனால் தூரத்திலிருந்து ஆட்களை இழுத்துக்கொண்டு வரும். எல்லாவற்றையும்விட ஆட்களை நிறுத்துவது நீங்கள் அங்கே உட்கார்ந்து பின்னுவதுதான். ஃபோனைப் பார்த்துக்கொண்டிருக்கிற கடையைத் தாண்டிப் போய்விடுவார்கள். கை ஓடுவதைக் கண்டால் நிற்பார்கள், நின்றால் கேட்பார்கள். விலை ஏன் இவ்வளவு என்று அதற்குப் பிறகு ஒருவரும் கேட்பதில்லை.

கேள்வி (மருதமுனை): நாங்க கைத்தறிச் சாரன், சாரி. தறியைத் தூக்கிக்கொண்டு போகவா அக்கா?

தறி வேண்டாம் மகள். ராட்டையைக் கொண்டுபோய் நூலைத் தார்க்குச்சியில் சுற்றுங்கள், கூட்டம் நிற்கும். ஒரு சாரியில் பாதி நெய்த துண்டு இருந்தால் நூல் தொங்கத் தொங்க அப்படியே தொங்கவிடுங்கள். மெசின் துணி இல்லை என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை.

கேள்வி (பொத்துவில்): அறுகம்பைக்கு வருகிற வெள்ளைக்காரருக்கு விற்கலாமா?

தாராளமாக. சித்திரை முடிந்து புரட்டாதி வரை அங்கே அலைச்சறுக்குக்காரர் கூட்டம். பயணப் பையில் தட்டையாக மடிகிற சாமான் செய்யுங்கள் தம்பி, பாரம் அவர்களுக்குப் பெரிய கவலை. ஒன்றை மறக்காமல் சொல்லிவிடுங்கள்: அவுஸ்திரேலியா, நியூசிலாந்துக்குப் போகிறவர்கள் ஓலை, புல், மரப் பொருட்களை விமான நிலையத்தில் காட்டித்தான் கொண்டுபோக வேண்டும். பூச்சி, விதை, மண் இருந்தால் தடுத்துவிடுவார்கள். அதனால் பெட்டிக்குக் குன்றிமணி கோக்க வேண்டாம். அது விதை, அதோடு நஞ்சும்.

கேள்வி (ஆரையம்பதி): இயற்கைச் சாயம் என்று சொன்னால் கூட விலை போகுமாமே?

போகும், ஆனால் மஞ்சளில் தோய்த்ததை விற்காதீர்கள். வெயில் பட்டால் வெளுத்துவிடும், வாங்கினவர் உங்களைத்தான் திட்டுவார். கடைச் சாயம் என்றால் கடைச் சாயம் என்றே சொல்லுங்கள்.

கேள்வி (வாழைச்சேனை): மாரியில் பூஞ்சணம் பிடிக்குது.

ஓலை உள்ளுக்குள் காயாமல் பின்னினால் பிடிக்கத்தான் செய்யும். பொலித்தீனில் இறுக்கிக் கட்டாமல் பழைய பருத்திச் சீலையில் சுற்றி, நிலத்தில் படாமல் பரணில் வையுங்கள். வறண்ட கச்சான் காற்று அடிக்கிற காலத்தில் இதற்கு நேர்மாறு. ஓலை முறுகி ஒடியும், விடியப்புறம் தண்ணீர் தெளித்துப் பின்னுங்கள்.

கேள்வி (அக்கரைப்பற்று): கொழும்புக் கடை ஒன்று சாமானைத் தாங்க, விற்ற பிறகு காசு தருவோம் என்கிறது.

எனக்கும் அப்படி ஒரு கடை வாய்த்தது. காசு வர ஒரு வருசத்துக்கு மேல் போனது, திரும்பி வந்த பெட்டிகள் வெயிலில் நிறம் போய் வந்தன. கொடுப்பதென்றால் எத்தனை பெட்டி, உங்கள் விலை என்ன, அவர்கள் விற்கிற விலை என்ன, எந்தத் திகதியில் காசு, பழுதானால் யார் பொறுப்பு என்று எழுதி இரண்டு பக்கமும் கையெழுத்து வையுங்கள். கையெழுத்துக்குப் பின்னடிக்கிற கடைக்குக் கொடுக்காதீர்கள். பாதிக் காசு முன்பணம் தருகிறோம் என்றால் கொஞ்சம் விலை குறைத்துக்கூடக் கொடுக்கலாம்.

கேள்வி (திருக்கோவில்): கண்காட்சியில் இடம் எடுக்கிறது எப்படி?

தேசிய அருங்கலைகள் பேரவையில் கைவினைஞராகப் பதிந்துகொள்ளுங்கள். சில்ப அபிமானி போட்டியும் கண்காட்சியும் அவர்கள் நடத்துவதுதான். உங்கள் பிரதேச செயலகத்தில் கலாசார உத்தியோகத்தரைப் போய்ப் பாருங்கள், அறிவித்தல் ஏதும் வந்திருக்கிறதா என்று கேளுங்கள்.

கேள்வி (கல்லடி): வாங்காமல் படம் மட்டும் எடுத்துக்கொண்டு போகிறார்கள். டிசைனைத் திருடினால்?

எடுக்கட்டும். படத்தைப் பார்த்துப் பின்ன வருமென்றால் எனக்கு இவ்வளவு பிள்ளைகள் பழக வந்திருக்க மாட்டார்கள். புதிதாக ஒரு கைப்பை வடிவம் பிடித்தால் மட்டும் கண்காட்சி முடியும்வரை முகநூலில் போடாதீர்கள். பக்கத்துக் கடைக்காரி கெட்டிக்காரி என்றால் ஒரு படம் போதும் அவவுக்கு.