தலைக் குழாயும் மருந்து ஊசியும்: எதைக் கவனிக்க வேண்டும்?

"அப்பாவுக்கு மூளையில் இரத்தக் கசிவு. ஜார்ஜ்டவுனில் ஒரு மருத்துவமனையின் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருக்கிறார். தலையில் ஒரு குழாய், கழுத்தில் ஒன்று, மூக்கில் ஒன்று. நேற்று ஒரு தாதி மருந்து ஊசியைத் தலைக் குழாயில் பொருத்தப்போய், சட்டென்று கையை இழுத்துக்கொண்டார். நாங்கள் எதைக் கவனிக்க வேண்டும்?" – வாசகி, ஆயர் ஈத்தாம்

உங்கள் பயம் நியாயமானதுதான் அம்மா.

மூளையின் உள்ளறைகளில் தேங்கும் நீரை வடிக்கத்தான் அப்பாவின் தலையில் உள்ள அந்தக் குழாய். பெரியவர்களுக்கு அந்த நீர் ஒரு நாளில் ஏறத்தாழ 500 மில்லி சுரக்கிறது. ஆனால் ஒரு நேரத்தில் உள்ளே இருப்பது சுமார் 150 மில்லிதான். கையில் ஏற்றும் மருந்து ஐந்து லிட்டர் இரத்தத்தில் கலந்து நீர்த்துப்போகும். தலைக் குழாயில் தவறிச் சென்றால் அடர்த்தி குறையாமல் மூளையைத் தொடும். இரத்தப்போக்கை நிறுத்தும் டிரானெக்சாமிக் அமிலம், முதுகுத்தண்டைச் சூழ்ந்திருக்கும் இதே நீருக்குள் தவறுதலாகச் செலுத்தப்பட்டதால் கடும் வலிப்பும் மரணமும் நேர்ந்திருக்கின்றன.

இதைத் தாதியின் கவனக்குறைவு என்று சொல்லி முடித்துவிட எனக்கு மனமில்லை. பல இடங்களில் தலைக் குழாய்க்கும் இரத்த நாளக் குழாய்க்கும் 'லூயர்' எனப்படும் ஒரே அளவு இணைப்பு வாய்தான். எந்த ஊசியும் எதிலும் பொருந்திவிடும். நரம்பு மண்டலக் குழாய்களுக்கென்றே வேறு அளவில், லூயரைவிடச் சிறிய வாயை வகுக்கும் ஐ.எஸ்.ஓ. 80369-6 என்ற அனைத்துலகத் தரமுறை 2016இல் வந்தது. அந்த இணைப்பு இருந்தால் சாதாரண ஊசி உள்ளே நுழையவே நுழையாது. உங்கள் மருத்துவமனையில் அது இருக்கிறதா என்று தயங்காமல் கேளுங்கள்.

இல்லையென்றால், தலைக் குழாயில், அதைத் திறந்து மூடும் ஒவ்வொரு திருகுக்கு அருகிலும் 'தலைக் குழாய்' என்று பெரிய எழுத்தில் சீட்டு இருக்க வேண்டும். மற்றக் குழாய்களோடு பின்னிக்கிடக்காமல் அது தனிப் பக்கமாகச் செல்ல வேண்டும். எல்லாவற்றையும்விட முக்கியம், மருந்து ஏற்றுபவர் ஊசி முனையிலிருந்து நோயாளியின் உடல்வரை குழாயைக் கையால் தடவிப் பார்ப்பது. வேலை நேரம் மாறும்போதும், ஸ்கேன் எடுத்துத் திரும்பும்போதும் இதை மறுபடி செய்ய வேண்டும். "மிஸ்ஸி, இது எந்தக் குழாய்?" என்று கேளுங்கள், நல்ல தாதிகள் கோபிக்க மாட்டார்கள்.

சில கிருமிக்கொல்லிகளை மருத்துவரே வேண்டுமென்று இந்தக் குழாய் வழியாகத் தருவது உண்டு. அதைக் கண்டு பதறாதீர்கள்; முன்கூட்டியே விளக்கச் சொல்லுங்கள்.

தவறு நடந்தே விட்டால், ஊசியை அந்த நொடியே நிறுத்த வேண்டும். "கழுவிவிடுகிறோம்" என்று உப்புநீர் செலுத்தவே கூடாது. அது மருந்தை இன்னும் உள்ளே தள்ளும். மூளை அறுவை மருத்துவரை உடனே அழைக்க வேண்டும். ஊசியையும் மருந்துப் புட்டியையும் எறியாமல் வைத்திருக்க வேண்டும்.

நீங்கள் குழாயையும் திருகையும் தொடாதீர்கள். கட்டிலின் தலைப்பக்கத்தையும் உயர்த்தாதீர்கள். நீர் வடியும் வேகம் மாறிவிடும்.

நேற்று நடந்ததை இன்றே தலைமைத் தாதியிடம் சொல்லுங்கள். கையை இழுத்துக்கொண்ட அந்தத் தாதியைத் தண்டிக்க வேண்டாம் என்றும், அடுத்த கட்டிலில் இருப்பவருக்காக இதைப் பதிவு செய்யுங்கள் என்றும் சேர்த்தே சொல்லுங்கள்.