பெண் என்றால் யார் என்று பிரிட்டன் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொல்லிவிட்டதே, இனி அங்கே திருநங்கைகளுக்குச் சட்டப் பாதுகாப்பே இல்லையா?

இருக்கிறது. தீர்ப்பைப் பாதி மட்டும் படித்தவர்கள் கிளப்பிவிட்ட பேச்சு இது.

ஸ்காட்லாந்தின் 2018ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, பொது வாரியங்களில் பாதி இடம் பெண்களுக்கு என்று இலக்கு வைத்தது. பாலின அங்கீகாரச் சான்றிதழ் (ஒருவரின் மாறிய பாலினத்தைச் சட்டப்படி ஏற்கும் ஆவணம்) பெற்ற திருநங்கையை அந்தப் பாதியில் சேர்க்கலாமா என்பதில்தான் வழக்கு தொடங்கியது. 2025 ஏப்ரல் 16 அன்று ஐந்து நீதிபதிகளும் ஒருமனதாகச் சொன்னார்கள்: 2010ஆம் ஆண்டு சமத்துவச் சட்டத்தில் ‘பெண்’ என்பது பிறப்பால் பெண்ணாக இருப்பவரையே குறிக்கும். அந்த ஒரு சட்டத்துக்குத்தான் இந்தப் பொருள்.

தீர்ப்பில் என்னை அதிகம் யோசிக்க வைத்தது கர்ப்பம் பற்றிய பகுதி. அந்தச் சட்டத்தில் கர்ப்பிணிக்கான பாதுகாப்பு ‘பெண்’ணுக்கு என்றே எழுதப்பட்டிருக்கிறது. சான்றிதழை வைத்துப் பொருள் கொண்டால், சான்றிதழ் வாங்கிய திருநம்பி ஒருவர் கருவுற்றால் சட்டப்படி அவர் ஆண். அந்தப் பாதுகாப்பு அவருக்குக் கிடைக்காமல் போகும். இன்னொரு சிக்கலும் உண்டு. சான்றிதழ் விவரம் ரகசியமானது. பெண்கள் விடுதி நடத்துபவர் முன்னால் இரண்டு திருநங்கைகள் வந்து நின்றால், யாரிடம் சான்றிதழ் இருக்கிறது என்று அவர் எப்படிப் பிரித்துப் பார்ப்பார்? இந்த இரண்டு வாதங்களையும் என்னால் மறுக்க முடியவில்லை.

திருநர் என்பதற்காக வேலை மறுப்பதும் துன்புறுத்துவதும் இன்றும் அதே சமத்துவச் சட்டப்படி வழக்குத் தொடரத் தக்கவைதான். பாலின மாற்றம் அங்கே தனிப் பாதுகாப்பு வகை. ஒரு தரப்பின் வெற்றியாக இதைப் பார்க்க வேண்டாம் என்று தீர்ப்பை வாசித்த நீதிபதி ஹாட்ஜ் பிரபுவே கேட்டுக்கொண்டார்.

ஆஸ்திரேலியாவில் 2024 ஆகஸ்டில் நேர்மாறாக நடந்தது. பெண்களுக்கு மட்டுமான ஒரு செயலியிலிருந்து திருநங்கை ஒருவரை நீக்கியது மறைமுகப் பாகுபாடு என்று ஃபெடரல் நீதிமன்றம் சொல்லி, 10,000 ஆஸ்திரேலிய டாலர் இழப்பீடு விதித்தது. அங்கே 2013லேயே பாலின அடையாளத்தைச் சட்டத்தில் சேர்த்துவிட்டார்கள்.

பெண்களுக்குத் தனியிடம் தேவை என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் பிரிட்டன் வழக்கில் தங்கள் தரப்பைச் சொல்ல அனுமதி கேட்ட திருநர் இருவருக்கு அது கிடைக்கவில்லை. யாருடைய அன்றாட வாழ்க்கையைப் பற்றிப் பேசினார்களோ, அவர்களில் ஒருவரையாவது கேட்டிருக்க வேண்டும்.