எந்த நாவல் யாருக்கு? வந்த கேள்விகளும் என் பதிலும்

பையனுக்கு 8 வயசு. நல்ல நாவலா ஒண்ணு சொல்லுங்க.

வயசை மட்டும் வச்சுகிட்டு நான் என்னத்த சொல்றது? கடைசியா எதை முழுசா படிச்சான், எதை பாதியில தூக்கிப் போட்டான், தானே படிக்கிறானா இல்ல நீங்க படிச்சுக் காட்றீங்களா, இது எதுவும் சொல்லாம கேட்டா குத்துமதிப்பா தான் பதில் வரும். படிச்சுக் காட்றதா இருந்தா டோட்டோ-சான், நாவல் இல்ல, ஒரு ஜப்பான் பொண்ணோட ஸ்கூல் நினைவுகள், தமிழ்லயே இருக்கு. எல்லாம் குட்டிக் குட்டி அத்தியாயம், பழைய ரயில் பெட்டியில நடக்குற ஸ்கூல்னு சொன்னாலே உக்காந்து கேப்பான். ஆனா கடைசியில போர்ல குண்டு விழுந்து ஸ்கூல் எரிஞ்சு போகும், அதனால நீங்க முன்னாடியே ஒரு தடவை படிச்சு வச்சுக்கங்க.

ஜார்ஜ் ஆர்வெல்லோட விலங்குப் பண்ணை அட்டையில பன்னி படம் அழகா இருக்கு, 7 வயசு பொண்ணுக்கு வாங்கலாமா?

வேண்டாம். கசாப்புக்காரன் வண்டியில குதிரைய ஏத்துற இடத்துல அழுவா, மத்ததெல்லாம் ரஷ்ய அரசியல். 14, 15 வயசாகட்டும். அட்டைய பாக்காதீங்க, உள்ள ஒரு 20 பக்கம் படிங்க.

10 வயசு பொண்ணுகிட்ட தப்பான தொடுதல் பத்தி எப்படி பேச்சை ஆரம்பிக்கறதுன்னு தெரியல. நாவல் ஏதாவது இருக்கா?

இருக்கு. யெஸ். பாலபாரதியோட 'மரப்பாச்சி சொன்ன ரகசியம்', 2020ல பால சாகித்ய புரஸ்கார், அதாவது சாகித்ய அகாடமியோட சிறார் இலக்கிய விருது வாங்கினது. மரப்பாச்சி பொம்மை பேச ஆரம்பிக்கும், பயமுறுத்தாம விஷயத்த சொல்லும். கையில குடுத்துட்டு ஒதுங்கிடாதீங்க, கூட உக்காந்து படிங்க.

13 வயசு பையன், ரோபோ வீடியோ தவிர எதையும் பாக்கறதில்ல.

சுஜாதாவோட 'என் இனிய இயந்திரா'. ஜீனோன்னு ஒரு ரோபோ நாய், வாய்க்கொழுப்பு ஜாஸ்தி, பையனுக்கு உடனே பிடிச்சிடும். 80கள்ல தொடர்கதையா வந்தது, கதை நடக்கறது 2021ல. அவர் கற்பனை பண்ணின வருஷம் நமக்கு கடந்து போயிடுச்சுங்கறதே பசங்களுக்கு ஒரு தமாஷ்.

பெரிய கிளாசிக் எல்லாம் 100 பக்கத்துக்கு சுருக்கி செட்டா வருதே, பசங்களுக்கு அதையே வாங்கிடலாமா?

இதுக்கு நான் எத்தனை தடவை பதில் சொன்னாலும் திரும்பத் திரும்ப வருது. வாங்காதீங்க. ட்ரெஷர் ஐலண்ட் எடுத்துக்கங்க. அது 1881-82ல சின்னப் பசங்க பத்திரிகையில தொடரா வந்த கதை, பசங்களுக்குன்னே எழுதினது, மொத்தமே 200, 250 பக்கம் தான், அதைப் போய் பசங்களுக்காக சுருக்கறேன்னா என்ன அர்த்தம்? ஒரிஜினல்ல புதையல் வரைபடம் வர்றதுக்கு முன்னாடி, சத்திரத்துல தங்கியிருக்குற கிழட்டு மாலுமி, ஒத்தக்கால் ஆள் எவனாவது வர்றானான்னு பாத்துகிட்டே இருன்னு பையனுக்கு மாசம் ஒரு வெள்ளிக்காசு தரேங்கறான். பையனும் பாக்கறான், யாரும் வரல, ஆனா காத்தடிக்கிற ராத்திரியில அந்த ஒத்தக்கால் ஆள் கனவுல வந்து துரத்தறான். அந்த பயம் தான் முழு கதையும் இழுத்துட்டுப் போகுது. நான் பாத்த ஒரு சுருக்கத்துல இது எதுவுமே இல்ல, ரெண்டாவது பக்கத்துலயே வரைபடம் வந்துடுது, அப்புறம் கப்பல், தீவு, புதையல், முற்றும். எலும்பை மட்டும் எடுத்து கையில குடுத்த மாதிரி. கல்லிவர் இன்னும் மோசம், மூலத்துல நாலு பயணம், பசங்க பதிப்புல பெரும்பாலும் குட்டி மனுஷங்களும் ராட்சச மனுஷங்களும் வந்ததோட கடைய சாத்திடுவாங்க. பல புக்குல சுருக்கினது யாருன்னு பேர் கூட இருக்காது. இதுல பெரிய நஷ்டம் என்னன்னா, 15 வயசுல ஒரிஜினல நீட்டினா "அதான் படிச்சிட்டேனே"ம்பான், அதோட அந்த புக் அவனுக்கு போச்சு. பெருசா இருக்குன்னா ரெண்டு வருஷம் கழிச்சு குடுங்க, இப்ப சின்னதாவே எழுதின நல்ல கதை குடுங்க. வாங்கறதுக்கு முன்னாடி பதிப்புப் பக்கத்த பாருங்க, சுருக்கம்னு பொடி எழுத்துல எங்கயாவது இருக்கும்.

40 வயசாகுது, நாவலே படிச்சதில்ல. பொன்னியின் செல்வன்ல ஆரம்பிக்கவா?

ஆரம்பிக்கலாம், தப்பில்ல, வாரப் பத்திரிகையில வந்த கதைங்கறதால ஒவ்வொரு அத்தியாயமும் கொக்கி போட்டு இழுக்கும். ஆனா 5 பாகம், 2000 பக்கத்துக்கு மேல, ரெண்டாம் பாகத்துல நின்னுபோய் அந்த குற்ற உணர்ச்சியிலயே எதையும் தொடாம விட்டவங்க நிறைய பேர். முதல்ல செல்லப்பாவோட வாடிவாசல் படிங்க, 100 பக்கம் கூட கிடையாது, ஒரே நாள் கதை, ஒரே ஜல்லிக்கட்டு, ஒரு சாயங்காலத்துல முடிஞ்சிடும். முடிச்ச தைரியத்துல அசோகமித்திரனோட தண்ணீர்.

பொண்ணுக்கு 16 வயசு, பூமணியோட வெக்கை படிக்கணும்ங்கறா. ஹீரோ 15 வயசுப் பையன் தானே, குடுக்கலாமா?

ஹீரோ வயசுக்கும் வாசகர் வயசுக்கும் சம்பந்தமே இல்ல. எடுத்த எடுப்புலயே வெட்டு, ரத்தம். அவளே கேக்கறான்னா குடுங்க, ஆனா நீங்களும் முதல் 20 பக்கம் படிச்சிருங்க, அவ வந்து பேசறப்ப முழிக்காம இருக்கலாம். அடுத்தது அசோகமித்திரனோட 18வது அட்சக்கோடு: காலேஜ் பையன், கிரிக்கெட், சுத்தி ஹைதராபாத் இந்தியாவோட சேர்ற சமயத்துக் கலவரம். 16க்கு கச்சிதம்.

வெக்கைய வச்சு எடுத்த அசுரன் படம் பாத்துட்டேன், அப்புறமும் வெக்கை படிக்கணுமா?

படிக்கணும். ரெண்டும் வேற வேற.

நீங்க சொல்ற எல்லாத்துக்கும் பிடிஎஃப் அனுப்ப முடியுமா?

முடியாது. போன தடவையும் இதே பதில் தான் சொன்னேன்.