மகன் பேசுவது நோய் அல்ல, தூக்கத்தைப் பாருங்கள்

மன்னார்குடிப் பக்கமிருந்து எழுதியிருக்கும் அம்மாவுக்கு,

மனச்சிதைவு நோய்க்கு நான்கு ஆண்டுகளாக மாத்திரை சாப்பிடும் உங்கள் மகன், தினமும் சாயங்காலம் ஐயனார் கோயில் வாசலைக் கூட்டிவிட்டு வந்து, "இந்த வியாதி எனக்கு எதையோ கத்துக்கொடுக்க வந்திருக்குமோம்மா" என்கிறான். பழையபடி ஆரம்பித்துவிட்டானோ என்று உங்களுக்கு வயிற்றைக் கலக்குகிறது. அந்தப் பேச்சு நோய் அல்ல. இருபத்திரண்டு வயதில் படிப்பும் சிநேகிதர்களும் ஒருசேரக் கைவிட்டுப் போன பிள்ளை, ஏன் என்று கேட்கத்தான் செய்வான். நோய் பேசினால் பெரும்பாலும் அதில் கேள்வி இருக்காது. "ஐயனார் என்னைத்தான் அனுப்பியிருக்கார், பக்கத்து வீட்டுக்காரன் தடுக்கிறான்" என்று முடிவாக வரும். உங்கள் மகன் "வந்திருக்குமோ" என்கிறான். அந்த 'ஓ'வைக் கவனியுங்கள்.

என்னிடம் பல வருடங்களாக வரும் கடைமடை விவசாயி ஒருவர் உண்டு. இதே நோய்தான். மருந்து சாப்பிட்டும், ஆளில்லாமல் காதில் கேட்கும் குரல் அவருக்கு முழுதாக நிற்கவில்லை. "அது பேசிக்கிட்டேதான் இருக்கு டாக்டர். ஆனா மடையைத் திறக்கிறதும் அடைக்கிறதும் நான்தானே" என்பார். மண்வெட்டியோடு வரப்பில் நிற்கும் அந்த நேரம்தான் அவருக்குப் பிடிமானம். உங்கள் மகனுக்கு அது கோயில் வாசலாக இருக்கலாம். விளக்குமாற்றைப் பிடுங்காதீர்கள்.

என்னைப் பதற வைத்தது நீங்கள் கடைசியில் போகிற போக்கில் எழுதியிருக்கும் வரி: "ஒரு வாரமா ராத்திரி ரெண்டு மணிக்கே எழுந்து உட்கார்ந்துடுறான்." இந்த நோய் திரும்புமுன் பெரும்பாலும் முதலில் கெடுவது தூக்கம். அதற்கு இரண்டு வரி மேலே, யூடியூபில் யாரோ மூளை சுருங்கும் என்று சொன்னதைக் கேட்டு, இந்த நோய்க்கு அவன் சாப்பிடும் ஒலன்சபின் மாத்திரையை அவனுக்குத் தெரியாமல் பாதியாக உடைத்துக் கொடுப்பதாக எழுதியிருக்கிறீர்கள். படித்ததும் கோபம்தான் வந்தது. அம்மா, நோய் திரும்புவதற்கு முதல் காரணமே மருந்து குறைவதும் நிற்பதும்தான். நாளைக் காலையிலேயே அவனுக்கு வைத்தியம் பார்க்கும் மருத்துவரிடம் அழைத்துப் போய், எத்தனை நாளாகப் பாதி கொடுத்தீர்கள் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். அவர் ஊரில் இல்லையென்றால் தஞ்சாவூர் அல்லது திருவாரூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. சாகச் சொல்லியோ யாரையாவது அடிக்கச் சொல்லியோ குரல் கேட்பதாகச் சொன்னால், விடியும் வரை காத்திருக்க வேண்டாம், அந்த ராத்திரியே கிளம்புங்கள். பேச ஆள் வேண்டுமென்றால் அரசின் மனநல உதவி எண் 14416, எந்நேரமும் எடுப்பார்கள், கட்டணம் இல்லை.

இந்த மாத்திரையால் எடை கூடுவது உண்மை. சர்க்கரையும் கொழுப்பும் பார்க்கச் சொல்லுங்கள். மருந்தை மாற்றவும் வழி இருக்கிறது, ஆனால் மாற்ற வேண்டியவர் மருத்துவர். செய்வினைப் பேச்சைக் காதில் வாங்காதீர்கள். மனநோய் தீர வேண்டி வந்து தங்கும் குணசீலம் பெருமாள் கோயிலில் 48 நாள் இருக்க வேண்டுதல் இருந்தால், மருத்துவரிடம் காட்டி அவன் தேறிய பிறகு தாராளமாகப் போங்கள், மாத்திரையையும் எடுத்துக்கொண்டு.

பாதி மாத்திரை விஷயத்தை அவனிடமும் நீங்களே சொல்லிவிடுங்கள். கோபப்படுவான், படட்டும். இத்தனை நாள் உங்கள் கையால் கொடுத்ததை நம்பி விழுங்கியவன் அவன்.