திருக்கையும் எக்ஸ்ரேயும் பங்காளிகளா?

கேள்வி: தொடக்கநிலை நான்கில் படிக்கும் என் பேரன், “ஸ்டிங்ரே மீனை வைத்துத்தான் எக்ஸ்ரே எடுக்கிறார்களா தாத்தா?” என்று கேட்கிறான். இரண்டும் ‘ரே’தானே என்கிறான். என்ன பதில் சொல்வது?
– வாசகர், பிடோக்

பதில்: இல்லை என்று சொல்லிவிடுங்கள். ஆனால் பையனைக் கேலி செய்யாதீர்கள். எனக்கு இந்த இரண்டு ‘ரே’யும் ஒரே நாளில் வாய்த்தன.

போன வருடம் ஈரச்சந்தையில் ஒரு கிலோ திருக்கை வாங்கிக்கொண்டு திரும்பும்போது தரை வழுக்கி, இடது கையை ஊன்றி விழுந்தேன். எக்ஸ்ரே எடுக்குமுன் மோதிரத்தைக் கழற்றச் சொன்னார்கள். விரல் வீங்கிப்போய், சோப்புத் தண்ணீர் போட்டுத்தான் கழன்றது. படத்தைப் பார்த்த மருத்துவர், ‘ரேடியஸ்’ எலும்பில் விரிசல் என்றார். முன்கையில் கட்டைவிரல் பக்கமாக ஓடும் எலும்பு அது. தமிழில் ஆரை எலும்பு.

விஷயம் அந்தப் பெயரில்தான் இருக்கிறது. லத்தீனில் ரேடியஸ் என்றால் சக்கரத்தின் ஆரக்கால். வெளிச்சமும் நடுவிலிருந்து அப்படித்தானே விரிகிறது? ஆங்கில ‘ரே’ அந்தச் சொல்லின் வழி வந்தது. 1895இல் ஜெர்மனியில் ராண்ட்ஜன் என்ற விஞ்ஞானி ஒரு புதுக் கதிரைக் கண்டார். அது என்னவென்று அவருக்கே பிடிபடவில்லை. கணக்கில் தெரியாததற்கு எக்ஸ் போடுவோமே, அப்படிப் போட்டார். தன் மனைவியின் கையை அவர் எடுத்த படத்தில் மோதிரமும் விழுந்திருக்கிறது. என் மோதிரத்துக்கு அந்த யோகம் இல்லை.

மீன் ‘ரே’ வேறு வீட்டுப் பிள்ளை. லத்தீனில் அந்த மீனுக்கே ராயா என்றுதான் பெயர். நமக்குக் குழப்பமில்லை: மீன் திருக்கை, ஒளி கதிர். (நெல்லும் கதிர்தான், அது தனிக்கதை.)

இன்னொரு வேடிக்கை. கொடுவாய் மீனின் செட்டையை விரித்துப் பார்த்தால் விசிறிக் கம்பிபோல் வரிசையாகத் தெரியுமே, அவற்றுக்கும் ஆங்கிலத்தில் ‘ரே’ என்றுதான் பெயர். இது ஆரக்கால் வீட்டு ‘ரே’. அத்தகைய செட்டையுள்ள மீன்களெல்லாம் ஒரு பெருங்கூட்டம். பெயரிலேயே ‘ரே’ இருக்கும் திருக்கைக்கு அதில் இடமில்லை! அது சுறாவுக்குச் சொந்தம். எலும்பே கிடையாது, எல்லாம் குருத்தெலும்பு.

அன்றிரவு பக்கத்து வீட்டு மக்சிக் (மலாயில் அத்தை) அந்தத் திருக்கையைச் சம்பால் என்ற மிளகாய் விழுது தடவி வாழையிலையில் சுட்டுக் கொடுத்தார். இடது கையில் மாவுக்கட்டு. முள் பொறுக்கும் வேலை இல்லாததால் ஒரு கையாலேயே சாப்பிட்டு முடித்தேன்.