சட்டம் மாறியது, யாருக்கு?

கேள்வி: பாலினப் பாகுபாடு கூடாது என்று மலேசிய அரசமைப்புச் சட்டத்தின் 8(2) பிரிவில் 2001ஆம் ஆண்டிலேயே சேர்த்துவிட்டார்கள். வேலைச் சட்டத் திருத்தம் 2023இல் நடப்புக்கு வந்தது. குடியுரிமை விதிகளையும் நாடாளுமன்றம் 2024இல் திருத்திவிட்டது. மலேசியப் பெண்களுக்கு இதற்குமேல் என்னதான் வேண்டும்?

பதில்: நீங்கள் அடுக்கிய மூன்றும் உண்மைதான். ஆனால் 2001இலேயே சமத்துவம் வந்துவிட்டதென்றால், மற்ற இரண்டு திருத்தங்களுக்கும் இருபது ஆண்டுகளுக்கு மேல் ஏன் காத்திருக்க நேர்ந்தது? விடை அந்த 8(2) பிரிவிலேயே இருக்கிறது. 'இந்த அரசமைப்பு வெளிப்படையாக அனுமதித்தாலன்றி' என்ற விலக்கோடுதான் அது தொடங்குகிறது. வேலை நியமனத்தைப் பற்றிப் பேசும் இடத்திலும், பொது அதிகார அமைப்புகளின் கீழுள்ள வேலையை மட்டுமே அது குறிப்பிடுகிறது. விலக்கு தாய்மாருக்கு எதிராகத் திரும்பியது. தனியார் முதலாளிகளைக் குறிப்பிடாமல் விட்டது பெண் தொழிலாளர்களுக்கு எதிராகத் திரும்பியது.

முதலில் குடியுரிமை. திருத்தத்துக்கு முந்தைய விதி இதுதான். வெளிநாட்டுப் பெண்ணை மணந்த மலேசிய ஆணுக்கு அயல்நாட்டில் குழந்தை பிறந்தால், ஓராண்டுக்குள் தூதரகத்தில் பதிந்துவிட்டால் போதும், அந்தக் குழந்தை சட்டப்படியே குடிமகன். வெளிநாட்டவரை மணந்த மலேசியப் பெண்ணின் குழந்தைக்கோ அந்த உரிமை இல்லை. அவர் அரசாங்கத்திடம் விண்ணப்பித்துவிட்டு அதன் விருப்பத்துக்குக் காத்திருக்க வேண்டும். ஆண்டுக்கணக்கில் காத்திருந்து, காரணம் சொல்லாத மறுப்புக் கடிதம் ஒன்றைப் பெற்றவர்கள் பலர். மலேசிய மண்ணில் பிறந்த குழந்தைக்குப் பெற்றோரில் ஒருவர் குடிமகனாக இருந்தாலே போதும் என்பதால், வசதியுள்ள பெண்கள் பிரசவத்துக்கு முன்பே விமானம் ஏறித் தாய்நாடு திரும்பினார்கள். 2020இல் எல்லைகள் மூடப்பட்டபோது அந்த வழியும் அடைபட்டது. ஒரே தாய் பெற்ற இரு பிள்ளைகளில் இங்கே பிறந்த மூத்தது குடிமகனாகவும், அங்கே பிறந்த இளையது விசா புதுப்பிக்க வேண்டிய, அரசு மருத்துவமனையில் வெளிநாட்டவர் கட்டணம் கட்ட வேண்டிய அந்நியனாகவும் ஒரே வீட்டில் வளர்ந்ததற்கு இந்த விதியே காரணம்.

'தந்தை' என்பதில் தாயும் அடக்கம் என்று 2021 செப்டம்பரில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மறு ஆண்டு ஆகஸ்டில் மேல்முறையீட்டு நீதிமன்றம் இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் அதைத் தள்ளியது. பாகுபாடு அரசமைப்பிலேயே எழுதப்பட்டிருப்பதால் 8(2) அதைத் தொடாது என்பது அரசுத் தரப்பு வாதம். மக்களவை 2024 அக்டோபரிலும் மேலவை டிசம்பரிலும் தாய்க்கும் அந்த உரிமை தரும் திருத்தத்தை நிறைவேற்றின. ஆயினும் அது பின்னோக்கிச் செல்லாது. முன்பே பிறந்துவிட்ட பிள்ளைகளுக்குப் பழைய விண்ணப்ப வழிதான். போதாக்குறைக்கு, பதிவுக்கான வயது வரம்பையும் அதே திருத்தம் 21இலிருந்து 18ஆகக் குறைத்துவிட்டது. அதாவது இதுவரை பாதிக்கப்பட்டவர்களுக்குக் கிடைத்தது மூன்று ஆண்டு குறைந்த அவகாசம். மலேசிய ஆணின் வெளிநாட்டு மனைவி குடியுரிமைப் பதிவு கோர 15(1) பிரிவு இருக்கிறது. மலேசியப் பெண்ணின் வெளிநாட்டுக் கணவருக்கு அப்படியொரு பிரிவே கிடையாது. இதில் வியப்படைய ஒன்றுமில்லை. பெண்களுக்கெதிரான பாகுபாட்டை ஒழிக்கும் ஐ.நா. உடன்படிக்கையில் மலேசியா 1995இல் சேர்ந்தபோதே, பிள்ளைகளின் குடியுரிமையில் தாய்க்குச் சம உரிமை தரும் 9(2) உறுப்புக்குத் தான் கட்டுப்படாதென்று எழுதிக்கொடுத்துவிட்டுத்தான் சேர்ந்தது.

இனி வேலையிடம். கருவுற்றால் வேலையிலிருந்து விலக வேண்டும் என்ற கூட்டு ஒப்பந்த விதியின்படி பணிநீக்கம் செய்யப்பட்ட விமானப் பணிப்பெண் ஒருவரின் வழக்கில், கூட்டு ஒப்பந்தம் 'சட்டம்' ஆகாது, விமான நிறுவனம் பொது அதிகார அமைப்பும் ஆகாது என்று கூட்டரசு நீதிமன்றம் 2005இல் முடிவு செய்தது. (அந்த ஒப்பந்தத்தில் தொழிற்சங்கமும் கையெழுத்திட்டிருந்தது என்பதையும் மறந்துவிட வேண்டாம்.) ஆறு ஆண்டு கழித்து, கருவுற்றிருந்த காரணத்தால் நியமனம் திரும்பப் பெறப்பட்ட தற்காலிக ஆசிரியை ஒருவர் ஷா ஆலாம் உயர் நீதிமன்றத்தில் வென்றார். அவரைப் பணியமர்த்தியது அரசாங்கம் என்பதால் 8(2) அவருக்குக் கை கொடுத்தது. இருவரும் வேலையை இழந்தது ஒரே காரணத்துக்காகத்தான். முதலாளி யார் என்பதே தீர்ப்பைப் பிரித்தது.

2023 திருத்தம் இந்த இடைவெளியை ஓரளவு அடைத்திருக்கிறது என்பதை மறுக்க மாட்டேன். மகப்பேறு விடுமுறை 60 நாளிலிருந்து 98 நாளாயிற்று; தந்தைக்கு 7 நாள் விடுமுறை வந்தது; கருவுற்ற தொழிலாளியை, நன்னடத்தை மீறல் போன்ற சில காரணங்கள் தவிர, வேலைநீக்கம் செய்வது குற்றமாயிற்று. பாகுபாடு குறித்த புகாரைத் தொழிலாளர் துறைத் தலைமை இயக்குநர் விசாரித்து உத்தரவிடலாம். உத்தரவை மீறும் முதலாளிக்கு 50,000 வெள்ளி (ரிங்கிட்) வரை அபராதம் உண்டு. ஆனால் பாகுபாடு என்றால் என்ன என்பதைச் சட்டம் வரையறுக்கவே இல்லை. அது பேசுவதும் தொழிலாளிக்கும் முதலாளிக்கும் இடையிலான தகராறைப் பற்றித்தான். நேர்முகத் தேர்வில் 'கல்யாணம் ஆகி எவ்வளவு நாளாச்சு, குழந்தை பெத்துக்கிற எண்ணம் இருக்கா?' என்று கேட்டுவிட்டு அனுப்பிவிடப்பட்ட பெண் இன்னும் தொழிலாளியே ஆகவில்லை என்பதால், அந்தப் பிரிவின்கீழ் அவர் புகார் கொடுக்க வழியில்லை.