ரேகை தேஞ்ச கைக்கு அரிசி கிடையாதா?

கேள்வி: எங்க ஆச்சி நாப்பது வருஷம் தீப்பெட்டி ஆபீஸ்ல வேலை பாத்தவங்க. இப்ப ரேஷன் கடையில கைரேகை விழ மாட்டேங்குது, ரெண்டு தடவை வெறும் பையோட திரும்பி வந்துட்டாங்க. இன்னொரு பக்கம் ரேகையை காப்பி எடுத்து பேங்க்ல பணத்தை உருவுறாங்கன்னு வேற சொல்றாங்க. இந்த ஆதாரால நமக்கு நல்லதா கெட்டதா?
– ஒரு வாசகி, கோவில்பட்டி

பதில்: முதல்ல ஆச்சிக்கு அரிசி வாங்குற வழியப் பாத்துருவோம்மா. ஒரு விரல் விழலைன்னா கையை நல்லா துடைச்சிட்டு பத்து விரலையும் ஒவ்வொண்ணா வச்சுப் பாக்கச் சொல்லுங்க, அதுவும் ஆகலைன்னா கண்ணு ஸ்கேன் பண்ற மெஷின் இருக்கான்னு கேளுங்க, ஏன்னா ஆதார் எடுத்தப்பவே ரெண்டு கருவிழியையும் பதிஞ்சிருக்காங்க. ஆதார் மையத்துக்குப் போய் ரேகையை புதுசா பதிஞ்சுக்கவும் முடியும். ரேகை விழலைங்கற ஒரே காரணத்துக்காக உரிமை உள்ளவங்களுக்கு பொருள் இல்லைன்னு சொல்லக் கூடாது, 2018 செப்டம்பர்ல வந்த சுப்ரீம் கோர்ட் தீர்ப்புலயும் இது பேசப்பட்டிருக்கு, தைரியமா கேளுங்க. உழைச்சு உழைச்சு ரேகை தேஞ்ச கையப் பாத்து ஒரு மெஷின் நீ யாருன்னு கேக்குறது எனக்கு ரொம்ப வலிக்குது. செங்கல் சூளை, கட்டட வேலைன்னு போறவங்க எல்லாருக்கும் இதே கதைதான், மெஷின் முன்னாடி முதல்ல தோக்குறது உழைக்கிற கைதான்.

நல்லது இல்லைன்னு சொல்ல மாட்டேன். பீகார்ல இருந்து திருப்பூருக்கு வேலைக்கு வந்தவருக்கு ஊர் ரேஷன் கார்டை வச்சே இங்க அரிசி வாங்க முடியுதுன்னா அதுக்கு இந்த ரேகைதான் காரணம். பிறந்த சர்ட்டிபிகேட், டிசின்னு எந்தப் பேப்பரும் இல்லாம வாழ்ந்த எத்தனையோ பேருக்கு கையில கிடைச்ச முதல் அடையாளமே அந்த 12 நம்பர்தான்.

ஆனா பாஸ்வேர்ட் திருடு போச்சுன்னா மாத்திக்கலாம், விரலை எப்படி மாத்துவீங்க? நீங்க கேள்விப்பட்டது உண்மைதான். ஆதார் நம்பர், எந்த பேங்க்னு ஒரு விவரம், ஒரு விரல் இது மூணும் இருந்தா கிராமத்துல பேங்க் ஏஜென்ட் கிட்டயே பணம் எடுக்கலாம், ஏஇபிஎஸ்னு பேரு, பின் நம்பர் ஓடிபி எதுவும் தேவையில்ல. வயசானவங்களுக்கு ரொம்ப வசதின்னுதான் கொண்டு வந்தாங்க, ஆனா நாட்டுல சில இடங்கள்ல பத்திரப்பதிவு ஆவணத்துல இருந்த ரேகையை எடுத்து ரப்பர்ல அச்சு பண்ணி கணக்கை காலி பண்ணிருக்காங்க.

அதனால அரசாங்கத்தோட ஆதார் ஆப்ல பயோமெட்ரிக் லாக் போட்டு வைங்க, அது போட்டா யார் வச்சாலும் ரேகை செல்லாது. ஆனா ஒண்ணு, லாக் போட்டிருந்தா ஆச்சி ரேஷன் கடையில வச்சாலும் செல்லாது, போகும்போது கொஞ்ச நேரத்துக்கு திறந்து விடணும். அதுக்கு ஆதார்ல பதிஞ்ச போன் நம்பர் உங்க கையில ஓடுற நம்பரா இருக்கணும், பல வீட்டுல பழைய நம்பர்தான் கிடக்கும், முதல்ல அதைப் பாருங்க. ஜெராக்ஸ் கேக்குற இடத்துல எல்லாம் முழு நம்பர் தெரியிற காப்பியைக் குடுக்காதீங்க, கடைசி 4 நம்பர் மட்டும் தெரியிற மாஸ்க்டு ஆதார் டவுன்லோட் பண்ணி வச்சுக்கங்க. சிம் கார்டுக்கும் பேங்க் கணக்குக்கும் ஆதார் கட்டாயம்னு சொல்ல முடியாதுன்னு அதே தீர்ப்புல இருக்கு, வேற அடையாள அட்டை காட்டலாம். தெரியாம பணம் போயிருந்தா ஒரு நாள் கூட தள்ளிப் போடாம பேங்க்ல எழுதிக் குடுத்துட்டு 1930ங்கற சைபர் கிரைம் உதவி நம்பருக்கு போன் பண்ணுங்க.